பிரிக்காத பாக்கெட்

பிப்ரவரி 3, செவ்வாய்

அறையில் இருந்தவர்கள்: நான், என் நாத்தனார் சிட்டு, ஆய்வுக்கூடத்துப் பெண், படிவம் நிரப்பும் குமாஸ்தா. நாற்காலி நான்குதான் என்பதால் என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். ஆக ஐந்து பேர். பின்னால் யாராவது "அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால் காட்டுவதற்கு இருக்கட்டும் என்று முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். இவருடைய தங்கை, முப்பத்தெட்டு வயது, எங்களோடுதான் இருக்கிறாள். சலவைக் கடையில் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிற வேலை. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்க்கிறது. ஹீமோகுளோபின் பத்தாவது இருந்தால்தான் கத்தி வைப்பேன் என்கிறார் டாக்டர். இன்றைக்கு 7.1. இரும்பு மாத்திரை போட்டால் அரை மணியில் வாந்தி. போன வருஷம் ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். உதடு வீங்கி, மூச்சு அடைத்து, அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. மிச்சம் இருப்பது இந்த ஆய்வுக்கூடம் சோதனைக்காகக் கொடுக்கிற இரும்புப் பொடி ஒன்றுதான்.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கிழங்கிலிருந்து மாவுச்சத்தை எடுத்து, அதை மிக மிக நுண்ணிய துகளாக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் இரும்பை வைத்து மூடிவிடுகிறார்கள். நானோ துகள். ஒரு தலைமுடியின் தடிமனில் நானூறு துகள் வரிசையாக நிற்குமாம். மூடியிருப்பதால் நாக்குக்கும் வயிற்றுக்கும் இரும்பு தெரியாது. குடலுக்குப் போனதும் அங்கே ஊறுகிற நொதி மாவுச்சத்தை வெட்டித் திறக்கும், இரும்பு வெளியே வரும்.

சிட்டு கேட்டாள், "எங்க அண்ணி சல்லடையில போட்டுச் சலிச்சா இது நிக்குமா மேடம்?"

"ஒண்ணுகூட நிக்காதுங்க."

"அப்ப உலகத்துலயே எங்க அண்ணிகிட்ட தப்பிக்கிற முதல் ஆளு இதுதான்."

குமாஸ்தாகூடச் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். நான் தாளை இரண்டு முறை படித்தேன். 56 பாக்கெட், எட்டு வாரம், தினம் காலையில் ஒன்று. "வெதுவெதுப்பான கஞ்சியில் கலந்து உடனே உட்கொள்ளவும். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். ஐந்து நாட்களுக்கு மேல் தவறியவர் ஆய்விலிருந்து நீக்கப்படுவார்."

தவறாது. நான் இருக்கிறேனே.

பிப்ரவரி 4, புதன்

முதல் பாக்கெட். நோட்டில் பத்தி பிரித்துக் கோடு போட்டாயிற்று: நேரம், கஞ்சியின் சூடு, பிரார்த்தனை நிமிடம், குடித்தாளா, குறிப்பு. பிரார்த்தனைக் கணக்கு என் பழைய வழக்கம். புதனும் சனியும் நீளமாக, மற்ற நாள் சுருக்கமாக என்று ஆண்டவனிடம் ஒப்புக்கொண்டது. ஏமாற்றிவிடக் கூடாதே என்று கடிகாரம் பார்த்து எழுதுகிறேன்.

கஞ்சியை இறக்கி, தெம்புக்கு முளைகட்டிய தானிய மாவு இரண்டு ஸ்பூன் கலந்தேன். சிட்டு வெளுத்துப் போயிருக்கிறாளே. பிறகு பொடியைக் கொட்டிக் கலக்கி, மூடி வைத்து, பிரார்த்தனை. மருந்தும் பிரார்த்தனைக்குள் வந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். பதினேழு நிமிடம்.

முதல் வாய் குடித்ததும் சிட்டு முகம் கோணினாள். "துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு."

"சுவையே தெரியாதுன்னு சொன்னாங்களே."

"அவங்க குடிச்சிருக்க மாட்டாங்க."

பிப்ரவரி 5, வியாழன்

நான்கு நிமிடம். முழுக் கிண்ணமும் குடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது. நன்றி ஆண்டவனே.

பிப்ரவரி 7, சனி

பதினாறு நிமிடம். குடித்துப் பத்து நிமிடத்தில் வாந்தி. நேற்று நன்றாகத்தானே குடித்தாள்? நேற்று ஒரு சொல் இல்லை, இன்று ஆணி. என்ன கணக்கு இது?

பிப்ரவரி 11, புதன்

மறுபடியும். வாந்தி இல்லை, ஆனால் பாதி வைத்துவிட்டாள். நான் நின்று முழுவதும் குடிக்க வைத்தேன்.

"உங்க சாமிக்கு என்னைப் பிடிக்கலை அண்ணி. நீங்க எனக்காக நீளமா வேண்டுற அன்னைக்கெல்லாம் என்னை நல்லா வச்சு செய்யுது."

விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள். அவள் எதையும் கும்பிடுகிறவள் இல்லை. நான் பிரார்த்திக்கும்போது பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பாள். பதினான்கு வருஷமாக இரண்டு பேருக்கும் இதில் சண்டை இல்லை. ஆனாலும் இன்று அது சுருக்கென்றது.

இவரிடம் சொன்னேன். வேலைக்கு, கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டே, "அவ சின்ன வயசுலேர்ந்தே மருந்துன்னா ஆயிரம் சாக்கு சொல்வா, நீ மனசுல போட்டுக்காதே" என்றார்.

பிப்ரவரி 14, சனி

இனிமேல் கிண்ணத்தைப் பால்கனிக்கு எடுத்துப் போய்க் காற்றாடக் குடிக்கிறேன் என்றாள். வெறும் கிண்ணம் திரும்பி வந்தது. ✓ போட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

சலவைக் கடையிலிருந்து அவளைத் துணி கொண்டுபோகும் வண்டியிலேயே அனுப்பி வைத்தார்கள். கஞ்சித் தொட்டி ஓரம் உட்கார்ந்தவள் எழவில்லையாம். கடைக்காரர் முக்காலி ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "உட்கார்ந்து இஸ்திரி போட்டா காலர் வளைஞ்சிடும்" என்பதுதான் இவள் கவலை. படிக்கட்டு ஏற நான்கு இடத்தில் நின்றாள். நான் எண்ணினேன்.

மார்ச் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை. 7.4.

நான்கு வாரத்துக்கு ஏறியது அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்துப் பெண் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எல்லா நாளும் சாப்பிட்டாங்களாம்மா?"

நான் நோட்டை நீட்டினேன். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு ✓. ஒவ்வொரு கோடும் நேராக.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதினதில்ல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிட்டு மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போனால் அறுவையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். மாதாமாதம் கொட்டுகிற ரத்தம் தள்ளிப் போகாதே? ஆண்டவனே, நான் எங்கே தவறினேன்?

மார்ச் 4, புதன்

பால்கனியில் இருக்கிற பூந்தொட்டி மண் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கிளறினேன். கஞ்சி. இன்றையதின் ஈரம்கூடக் காயவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். எனக்குக் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "என் நோட்டுல பொய் எழுத வச்சிட்டியேடி! அந்த மேடம் முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டு நீட்டினேனே, கேணச்சி மாதிரி!"

"உங்க நோட்டுக்காக நான் ஆணியை முழுங்கணுமா?" — அவளும் கத்தினாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "மத்த நாள் குடிக்கிறேன் அண்ணி. சத்தியமா. இந்தப் புதனும் சனியும்தான் உள்ள இறங்கவே மாட்டேங்குது. நீங்க அவ்வளவு நேரம் எனக்காக உட்கார்ந்து வேண்டிட்டு வர்றீங்க, குடிக்க முடியலன்னு எப்படிச் சொல்றது?"

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

கேட்டுக் கேட்டு எழுதினேன். பிப். 14, 18, 21, 25, 28, இன்று. ஆறு. ஆறு ✓ மேலேயும் குறுக்குக் கோடு போட்டேன். சிவப்பு மையில். தாளில் ஐந்து என்றுதான் போட்டிருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

தொட்டியில் ஊற்றியது ஆறும் புதன் அல்லது சனி. அதற்கு முன் ஆணி வாசனை வந்த மூன்று நாளும் அப்படியே. அரிசி மாறவில்லை, தினமும் சேர்க்கிற தெம்பு மாவு மாறவில்லை. தண்ணீர் மாறவில்லை. சூடு, நேரம், கிண்ணம் எல்லாம் ஒன்று. விரலை வைத்துப் பத்தி பத்தியாக இறக்கிக்கொண்டு வந்தேன்.

மாறுகிற பத்தி ஒன்றுதான். அதைப் பார்க்க விருப்பமில்லாமல் நோட்டை மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். 17, 16, 18, 17. மற்ற நாள் 4, 3, 5.

என் பிரார்த்தனையா? நான் வேண்ட வேண்ட அவளுக்குக் கசக்கிறதா? அடுப்படியில் நின்று அழுதேன். அவள் பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சிட்டுவிடம் சொல்லிவிட்டேன். ஆயுசுக்கும் கேலி செய்வாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி, உங்க நீளப் பிரார்த்தனை அன்னைக்கு கஞ்சி நீர்த்துப் போயிருக்கும், கவனிச்சீங்களா? கலக்கும்போது கொழகொழன்னு இருக்கும். குடிக்கும்போது தண்ணி. எங்க கடையில அப்படி ஒரு கஞ்சி போட்டா ஒரு காலர்கூட நிமிராது, முதலாளி என்னைத் தொட்டியிலயே முக்கிடுவார்."

கவனித்திருக்கிறேன். முளைகட்டிய மாவு சேர்த்தால் எந்தக் கஞ்சியும் வைக்க வைக்க நீர்க்கும். அதனால்தானே பல் இல்லாதவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் அதைச் சேர்ப்பது. எல்லா அடுப்படிக்கும் தெரிந்த விஷயம்.

கஞ்சி என்பதும் மாவுச்சத்து. அந்தத் துகளின் மூடியும் மாவுச்சத்து.

கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

செய்து பார்த்தோம். பாக்கெட்டை வீணாக்க முடியாது, எண்ணித் திருப்பித் தர வேண்டியது. அதனால் ஒரே பாக்கெட்டை இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதி. ஒன்றில் முளைகட்டிய மாவு உண்டு, மற்றதில் இல்லை. இரண்டையும் மூடி வைத்துப் பதினேழு நிமிடம் பிரார்த்தனை. மனம் முழுக்கக் கிண்ணத்தில்தான் இருந்தது. மன்னித்துக்கொள் ஆண்டவனே, இன்றைய கணக்கில் பாதிதான் உனக்கு.

எது எது என்று சொல்லாமல் நீட்டினேன். மாவு இல்லாதது: "லேசா, ரொம்ப லேசா ஒரு வாசனை." மாவு சேர்த்தது தண்ணீராகிக் கிடந்தது. ஒரு வாய்: "ஐயோ, ஆணிப் பெட்டி!" மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் குடித்து முடித்தாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி இல்லை.

ஆக, பிரார்த்தனை இல்லை. நேரம். நேரமும் என் இரண்டு ஸ்பூன் தெம்பும். தாளில் "வேறெதுவும் சேர்க்க வேண்டாம்" என்று இருந்ததே? முளைகட்டிய மாவு எனக்கு வேறாகவே தோன்றவில்லை. அதுவும் தானியம்தானே, கஞ்சிதானே என்று இருந்துவிட்டேன். "உடனே" என்பதையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பிரார்த்தனை முடித்து உடனே என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

"பொடியைக் கலக்காம எப்படி வேண்டுறது? மருந்தையும் சேர்த்து அவர் பார்க்கணும் இல்லையா" என்றேன்.

சிட்டு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "கவரைப் பிரிச்சாதான் கடவுளுக்குத் தெரியுமா அண்ணி?"

கும்பிடாதவள் கேட்கிற கேள்வியைப் பார். முப்பது வருஷம் பிரார்த்தித்தவளுக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வெறும் கஞ்சி. பாக்கெட்டைப் பிரிக்காமல் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துப் பிரார்த்தித்தேன். பிறகு பிரித்து, கலந்து, கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை. முழுவதும் குடித்தாள். "இன்னொரு கிண்ணம் இருக்கா?" என்று கேட்டாள். பொடி தொடங்கிய பிறகு முதல் முறை.

மார்ச் 9, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடலாமா என்றதற்கு இவர் சொல்கிறார்: "இப்பதான் சரியாயிடுச்சே. சொன்னா தூக்கிடுவாங்க. நாமளா போய்க் கழுத்தை நீட்டணுமா? மிச்சப் பாக்கெட்டையாவது ஒழுங்கா முடிக்கட்டும்."

அவர் சொல்வதில் தப்பு இல்லை. தங்கை. நீக்கிவிட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது. சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை நான் காட்டாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆனால் என் இருபத்தெட்டு ✓ அங்கே அவர்களுடைய கணக்கில் ஏறியிருக்கிறதே. இத்தனை நாள் ஒழுங்காகக் குடித்தும் ஏறியது இவ்வளவுதான் என்று இந்தப் பொடியைப் பற்றி எழுதிவிடுவார்களே. அதைப் படித்துவிட்டு வேறொரு சிட்டுவுக்கு இது வேண்டாம் என்று யாராவது முடிவு கட்டினால்?

சிட்டுவிடமே கேட்டேன். உடம்பு அவளுடையது.

"போய்ச் சொல்லுங்க அண்ணி. நீங்க சொல்லலன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. உங்களுக்குத் தூக்கம் வரலன்னா காலையில பாத்திரத்தைத் தடதடன்னு போட்டு எனக்கும் வராது."

மார்ச் 10, செவ்வாய்

போனோம். இருந்தவர்கள்: நான், சிட்டு, ஆய்வுக்கூடத்துப் பெண். இவர் வெளியே பெஞ்சில். உள்ளே வர மனம் வரவில்லை.

எல்லாம் சொன்னேன். தொட்டி, மாவு, நிமிடம். அந்தப் பெண் நோட்டை வாங்கிப் பிரார்த்தனைப் பத்தியை நகத்தால் வருடிக்கொண்டே போனாள்.

"முளைக்கிற தானியத்துலயும், நம்ம குடல்ல இருக்கிற மாதிரியே மாவுச்சத்தை வெட்டுற நொதி இருக்கும்மா. நீங்க கஞ்சிக் கிண்ணத்துக்குள்ளயே ஒரு குடலை வச்சிட்டீங்க. உள்ள போய்த் திறக்க வேண்டியது மேசையிலயே திறந்திடுச்சு. அப்படி வெளிய வந்த இரும்பை அந்தத் தானியமே பிடிச்சு வச்சுக்கும், உடம்புல முழுசா சேராது."

"குடலா! நல்லவேளை, குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லலை" என்றாள் சிட்டு.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆணி வாசனை வருதுன்னு மூணு பேர் விலகிப் போயிட்டாங்க. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. நாங்க இங்க வெறும் கஞ்சியில கலந்து ரெண்டு நிமிஷம்தான் வச்சுப் பார்த்தோம். வீட்டுல யாரு ரெண்டு நிமிஷத்துல சாப்பிடுறா?"

நோட்டை முழுவதும் நகல் எடுத்தாள். ஆனால் சட்டம் சட்டம்தான். ஆறு நாள் தவறியிருக்கிறது. முடிவு அவள் கையில் இல்லை, குழு கூடிச் சொல்ல வேண்டும். அதுவரை பாக்கெட்டுகளைத் திருப்பித் தர வேண்டும். பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தேன். இருபத்தொன்று. சிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் இவர் காலிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை.

மார்ச் 11, புதன்

பாக்கெட் இல்லை. கஞ்சி மட்டும். பதினெட்டு நிமிடம்.

மார்ச் 13, வெள்ளி

போன் வரவில்லை. சிட்டு படுத்தே இருக்கிறாள். மாத நாள் வந்துவிட்டது.

மார்ச் 14, சனி

பிரார்த்தனையில் உட்கார்ந்தேன், ஒரு சொல் வரவில்லை. நல்லது செய்யப் போய்த்தானே மாவு சேர்த்தேன்? உண்மை சொல்லப் போய்த்தானே பாக்கெட் போனது? கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. முதல் முறையாக அந்தக் கட்டம் காலி.

மார்ச் 17, செவ்வாய்

பதினொன்றரைக்குப் போன். கை முழுக்க மாவு, முழங்கையால் அழுத்தினேன். பழைய கணக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சிட்டுவைப் புதிதாக முதல் நாளிலிருந்து சேர்க்கிறார்களாம். விலகிப் போன மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அதில் இரண்டு வீட்டில் முளைகட்டிய மாவு. மூன்றாவது வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்த அம்மா கிண்ணத்தைத் தொடுவாளாம், முக்கால் மணி கழித்து.

இவரிடம் சொன்னேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ போய்ச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு மூக்கைச் சிந்தினார். சளியாம்.

மார்ச் 18, புதன்

புதுத் தாள் வந்திருக்கிறது. "முதலில் கஞ்சியை ஆற விடவும். கிண்ணம் கையில் இருக்கும்போது மட்டும் பாக்கெட்டைப் பிரிக்கவும். கலந்த இரண்டு நிமிடத்துக்குள் குடிக்கவும். முளைகட்டிய மாவு எதுவும் சேர்க்க வேண்டாம்."

"உடனே" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை. அது ஆளுக்கு ஒரு நீளம்.

பாக்கெட் ஒன்று, பிரிக்காமல், பதினேழு நிமிடம். பிறகு பிரித்தேன்.

ஏப்ரல் 4, சனி

இன்று பிரார்த்தனை முடித்துக் கண்ணைத் திறந்தால் சிட்டு பால்கனியில் இல்லை. எதிரில் உட்கார்ந்து, பாக்கெட்டின் ஓரத்தைக் கிழிக்கத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க முடிக்கிற நேரம் எனக்குத் தெரியணும் இல்ல, அதுக்குத்தான்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

ஏப்ரல் 14, செவ்வாய்

8.8. மாத நாள் போக 8.8! ஆய்வுக்கூடத்துப் பெண் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள். நானும் போட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

படிக்கட்டில் ஓர் இடத்தில்தான் நின்றாள். அதுவும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வம்பு பேச.

மே 12, செவ்வாய்

ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு. இந்த முறை ஒவ்வொரு ✓ம் சிட்டு தன் கையாலேயே போட்டது. கோணல் மாணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

முடிவு வந்ததும் டாக்டருக்கு எழுதினேன். நகல் இங்கே:

"ஐயா, வணக்கம். கட்டி எடுப்பதற்காகத் தங்களிடம் காட்டி வருகிற என் நாத்தனாரின் இன்றைய ஹீமோகுளோபின் 10.2. ஆய்வுக்கூடத்தின் முத்திரையோடு தாளை இணைத்திருக்கிறேன். பத்து இருந்தால் செய்யலாம் என்று தாங்கள் சொன்னபோது அறையில் நான் இருந்தேன், அவள் இருந்தாள், நர்ஸ் ஒருவரும் இருந்தார். அடுத்த மாத நாள் வந்தால் எண் மறுபடி இறங்கும், அதற்கு முன் செய்துவிட்டால் நல்லது. சலவைக் கடையில் அவள் விடுப்புச் சொல்ல வேண்டும். எந்தத் தேதி என்று தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்."